கேமிங் சர்வரில் வாயையும் கட்டாமல், வம்பையும் வளர்க்காமல்: மாட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை இரவு பதினொன்றரை. ராங்க் புஷ், அதாவது தரவரிசையில் ஏறும் ஆட்டம், போன நாலு பேரும் கடைசி வட்டத்தில் செத்துத் திரும்பியிருக்கிறார்கள். "அந்த ஸ்மோக்கை எவனாவது முன்னாடியே போட்டிருந்தா..." என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். பத்தே நிமிடத்தில் பேச்சு ஸ்மோக்கை (ஆட்டத்தில் மறைவுக்கு வீசும் புகைக் குண்டை) விட்டுவிட்டு, அதைப் போடாதவரின் அம்மாவிடம் போய் நிற்கிறது. காலையில் கண் விழிக்கும் அட்மினுக்கு முந்நூறு மெசேஜ் காத்திருக்கும்.

இந்த இடத்தில் இரண்டு வகை அட்மின்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் முந்நூறையும் அழித்து, நாலு பேரையும் பேன் செய்து (திரும்பி வர முடியாதபடி நீக்கி), "இனி பொது சேனலில் தோற்ற மேட்சைப் பற்றிப் பேசக் கூடாது" என்று புது விதி போடுவார். இன்னொருவர் "பசங்க ஆடினா அப்படித்தான்" என்று காபி குடிக்கப் போய்விடுவார். முதலாமவரின் சர்வரில் சில மாதம் கழித்துப் போனால் குட் மார்னிங் ஸ்டிக்கர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாமவருடையதில் அந்த நாலு வாயாடிகள் மட்டும் மிஞ்சியிருப்பார்கள். மற்றவர்கள் சண்டை போட்டுவிட்டுப் போவதில்லை, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். அதனால்தான் இழப்பு கண்ணில் படுவதில்லை.

தமிழ் கேமர்கள் கூடும் ஒரு டிஸ்கார்டு சர்வரில் (டிஸ்கார்டு என்பது எழுதியும் பேசியும் அரட்டை அடிக்கும் செயலி, சர்வர் அதிலுள்ள ஒரு குழு) நான் சில வருடங்களாக மாட், அதாவது பேச்சை ஒழுங்குபடுத்தும் மாடரேட்டர். (மாடு என்றுதான் கூப்பிடுவார்கள். பழகிவிட்டது.) அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதையும், பெரிய விளையாட்டு நிறுவனங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். டிஸ்கார்டை வைத்துச் சொன்னாலும், வாட்ஸாப், டெலிகிராம் குழு நடத்துவோருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: எதை அழிக்க மாட்டீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோரும் தடைப் பட்டியலில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். என்ன நடந்தாலும் கை வைக்க மாட்டோம் என்று சொல்லக்கூடிய பேச்சு எது?

இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2' வெளிவர இருந்த நேரம். டார்த் வேடர் போன்ற பாத்திரங்களைத் திறக்க மணிக்கணக்கில் ஆட வேண்டும் என்று ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் ஆட்டக்காரர்கள் கொந்தளித்தார்கள். விளையாட்டை வெளியிடும் இஏ நிறுவனம் அங்கே போட்ட விளக்கத்துக்கு விழுந்த எதிர் வாக்குகள் 6 லட்சத்தைத் தாண்டின, கின்னஸில் ஏறும் அளவுக்கு. கடைசியில், விளையாட்டு முறைப்படி வெளிவருவதற்கு முன்பே, உள்ளே காசு கொடுத்து வாங்கும் வசதியை நிறுவனம் நிறுத்தி வைத்தது. அந்த ரெடிட் பகுதியின் மாட்கள் "ரொம்ப நெகட்டிவா போகுது" என்று எல்லாவற்றையும் அழித்திருந்தால் இது நடந்திருக்குமா?

இன்னொன்று 2013 ஜூலை. 'கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 2'வில் ஒரு ஸ்னைப்பர் துப்பாக்கி சுடும் இடைவெளியை 0.2 விநாடியிலிருந்து 0.4 விநாடியாக மாற்றினார்கள். இன்னும் ஓரிரு துப்பாக்கிகளில் சின்ன மாற்றம், அவ்வளவுதான். அதற்காக வடிவமைப்பாளர் டேவிட் வொண்டர்ஹாருக்கும் அவர் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல்கள் போயின.

இரண்டிலும் கோபம் ஒன்றேதான். பேட்டில்ஃபிரன்ட் கோபம் விளையாட்டின் மேல் விழுந்தது, மற்றது ஒரு மனிதர் மேல் விழுந்தது. நான் கோடு போடுவது அங்கேதான். விளையாட்டை, அப்டேட்டை, நிறுவனத்தை, டோர்னமென்ட் நடத்தியவரின் ஏற்பாட்டை, மாட் எடுத்த முடிவை, எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் திட்டலாம். அது அசிங்கமாக இருந்தாலும் அழிக்க மாட்டோம். ஆளைத் தொட்டால் மட்டும் சீட்டி ஊதுவோம். இந்த வாக்குறுதியை விதிகளின் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்.

படி 2: விதிகளை நம் பேச்சில் எழுதுங்கள்

"மரியாதையாக நடந்துகொள்ளவும்" என்ற விதியால் யாருக்கும் பயனில்லை. மரியாதை என்றால் என்ன என்பதில்தானே சண்டையே. வேறு சர்வரிலிருந்து இருபத்தைந்து விதிகளை நகல் எடுத்து ஒட்டாதீர்கள், யாரும் படிக்கப் போவதில்லை. ஐந்தாறு போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே நிஜ உதாரணம் வேண்டும்.

எங்கள் விதி ஒன்றை அப்படியே தருகிறேன்: "ஆட்டத்தைக் கலாய்க்கலாம், ஆளைக் கலாய்ப்பதற்கு எல்லை உண்டு. 'இந்த எய்மை வெச்சுக்கிட்டு எதுக்குப்பா ஸ்னைப்பர்' சரி. சாதி, மதம், ஊர், நிறம், உடம்பு, வீட்டுப் பெண்கள், இதில் எதை இழுத்தாலும் தப்பு. சிரிப்பு எமோஜி போட்டாலும் தப்பு." ஊர் என்று சேர்த்ததற்குக் காரணம் உண்டு. இலங்கைத் தமிழ் பேசுபவர் வாய்ஸில் வந்ததும் அவர் பேச்சைப் பழித்துக் காட்டுவது, நெல்லைக்காரரின் 'ஏலே'யை வைத்தே ராத்திரி முழுக்க ஓட்டுவது எல்லாம் செய்கிறவருக்கு ஜாலி. கேட்கிறவர் ஒரு மாதம் கழித்து வாய்ஸுக்கு வருவதை நிறுத்தியிருப்பார்.

பெண் ஆட்டக்காரர்கள் விஷயத்துக்குத் தனி வரி போடுங்கள். குரல் கேட்டதும் "நிஜமாவே பொண்ணா?" என்று கேட்பது, தனி மெசேஜில் போய் இன்ஸ்டா ஐடி கேட்பது இரண்டையும் பெயர் சொல்லித் தடை செய்தால்தான் உண்டு. பொதுவாகச் சொன்னால், அது தன்னைக் குறிக்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

நண்பர்களுக்குள் ஓட்டிக்கொள்வதை எப்படிப் பிரித்தறிவது? மூன்று கேள்வி கேட்பேன். கலாய்க்கப்படுபவரும் திருப்பிக் கலாய்க்கிறாரா? "போதும்" என்றதும் நின்றதா? அதையே நேற்று சேர்ந்த புதியவரிடம் சொல்வார்களா? பத்து வருட நண்பனை 'பரதேசி' என்று கூப்பிடுவதற்கெல்லாம் மாட் தேவையில்லை.

படி 3: இடத்தைப் பிரியுங்கள்

சண்டையில் பாதி, தப்பான இடத்தில் நடக்கும் சரியான பேச்சுதான். 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' நடத்தும் ரையட் நிறுவனம் ஒருமுறை எதிரணியோடு பேசும் சாட்டைத் தடை செய்யாமல், தொடக்கத்தில் அணைந்திருக்கும்படி மட்டும் வைத்துப் பார்த்தது. வேண்டுமென்றால் ஒரு கிளிக்கில் திறந்துகொள்ளலாம். சாட் பயன்பாடு கிட்டத்தட்ட அதே அளவில் இருக்க, மோசமான பேச்சு மட்டும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நடுவில் வைத்த ஒரு கிளிக் இவ்வளவு வேலை செய்திருக்கிறது.

அதே தந்திரத்தை நாமும் செய்யலாம். 'புலம்பல்' என்று ஒரு சேனல் திறந்து, ஸ்லோ மோடை 30 விநாடியில் வையுங்கள். தோற்ற கோபத்தில் வருபவர் கொட்டலாம், ஆனால் அரை நிமிடத்துக்கு ஒரு மெசேஜ்தான். இரண்டாவது மெசேஜுக்குள் சூடு கொஞ்சம் இறங்கிவிடும். ஸ்பாய்லருக்குத் தனி சேனல், டீம் தேடுவதற்குத் தனி சேனல்.

சினிமா, அரசியல்? இதில் எனக்கே ஒரு தோல்வி உண்டு. ஆரம்பத்தில் இரண்டையும் தடை செய்தோம். பெரிய நடிகர் பட ரிலீஸ் அன்று ரசிகர் சண்டை எல்லா சேனலிலும் கசிந்தது, நாங்கள் துரத்தித் துரத்தி அழித்தோம், அது இன்னும் பரவியது. அப்புறம் 'டீக்கடை' என்று ஒரு சேனல் திறந்தோம். வேண்டுபவர்கள் அதற்கான ரோல் (அனுமதி தரும் அடையாளம்) எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். சண்டை நிற்கவில்லை, ஆனால் ஸ்க்வாட் தேடி வந்தவர் கண்ணில் படுவது நின்றது. எங்களுக்கு அது போதும்.

படி 4: வாசலில் எவ்வளவு கெடுபிடி?

டிஸ்கார்டில் சரிபார்ப்பு நிலைகள் இருக்கின்றன. மின்னஞ்சல் உறுதி செய்திருந்தால் போதும் என்பதில் தொடங்கி, கணக்கு தொடங்கி 5 நிமிடம் ஆகியிருக்க வேண்டும், சர்வரில் சேர்ந்து 10 நிமிடம் ஆகியிருக்க வேண்டும், தொலைபேசி எண் உறுதி செய்திருக்க வேண்டும் என்று மேலே போகும். சாதாரண நாளில் நடு நிலை போதும். கும்பலாகப் புகுந்து குப்பை கொட்டும் 'ரெய்டு' நடந்தால் அன்றைக்கு மட்டும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, மறுநாள் மறக்காமல் இறக்குங்கள். இறக்க மறப்பதுதான் வழக்கம். "ஏன் புது ஆளே வரல?" என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட அனுபவம் எங்களுக்கும் உண்டு.

நிஜப் பெயர், ஆதார் படம், கல்லூரி அடையாள அட்டை எதையும் கேட்காதீர்கள். 2010 ஜூலையில் பிளிஸார்டு என்ற விளையாட்டு நிறுவனம் தன் அதிகாரபூர்வக் கருத்துப் பக்கங்களில் எழுதுபவர்களின் நிஜப் பெயர் தெரியும் என்று அறிவித்தது. பயமில்லை என்று காட்ட அதன் ஊழியர் ஒருவரே தன் பெயரைப் போட, கொஞ்ச நேரத்தில் அவருடைய சொந்த விவரங்களையெல்லாம் தோண்டி வெளியே போட்டுவிட்டார்கள். மூன்றே நாளில் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. தென் கொரியாவில் பெரிய தளங்களுக்கு அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் 2007லிருந்து இருந்தது. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புனைபெயரில் இருப்பவர் எல்லாம் பொறுக்கி அல்ல. நம்மிடம் புனைபெயரில் இருப்பவர்களில் பாதிப் பேர், பெண் என்றோ இன்ன சாதி என்றோ தெரியாமல் நிம்மதியாக ஆட வந்தவர்கள்.

வயது மட்டும் விதிவிலக்கு. டிஸ்கார்டுக்குக் குறைந்தபட்சம் 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழ் என்று தெரிந்தால் தயங்காமல் வெளியே அனுப்புங்கள்.

படி 5: ஆட்டோமாடுக்குத் தமிழ் கற்றுக் கொடுங்கள்

அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான். 2022ல் டிஸ்கார்டு தந்த ஆட்டோமாடில் (மெசேஜ்களைத் தானாகவே வடிகட்டும் வசதியில்) தயாராக வரும் வசைப் பட்டியலை நம்பி உட்கார்ந்தால், ஆங்கிலத்தில் திட்டுபவர் மட்டும் மாட்டுவார். நம்மவர்கள் திட்டுவது தங்கிலீஷில். ஒரே வார்த்தையை ஏழு விதமாக எழுதுவார்கள்: நடுவில் புள்ளி, கடைசியில் இரண்டு எழுத்து கூட, எழுத்துக்குப் பதில் எண், பாதி தமிழ் எழுத்து பாதி ரோமன். இதற்கான பட்டியலை நீங்களேதான் போட வேண்டும். இரண்டு மாட்கள் உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் எழுத்துப் பிழையோடு எழுதிய அந்த மாலை, எங்கள் சர்வர் வரலாற்றிலேயே மிகவும் சிரித்த மாலை.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 1996ல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்கே தொடங்க முடியவில்லை. ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான் காரணம். நம் மொழியில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். ஒரு வசைச்சொல்லின் முன்பாதியை ரோமனில் போட்டு, பின்னால் நட்சத்திரக் குறி வைத்துத் தடுத்தோம். 'கூத்து' என்று எழுதியவர் மாட்டினார், "ஊட்டில கூதல் தாங்கல" என்று எழுதியவரும் மாட்டினார். ரோமனில் எழுதும்போது ஒரு மதப் பிரிவின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் வசைச்சொல்லும் இருக்கிறது. அதைத் தடுத்துவிட்டு ஒரு உறுப்பினரிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வார்த்தைகளைப் போட்டு, 'தடு' என்பதை விட்டுவிட்டு 'மாட் சேனலுக்குத் தகவல் அனுப்பு' என்பதை மட்டும் இயக்குங்கள். இரண்டு வாரம் ஓடட்டும். எது தவறாகச் சிக்குகிறது என்று பார்த்து, அவற்றை அனுமதிப் பட்டியலில் சேருங்கள். சந்தேகமே இல்லாத சாதி வசைகள், பாலியல் வசைகள் ஆகியவற்றுக்கு மட்டும் பிறகு தடுப்பை இயக்குங்கள். 'டேய்', 'லூசு', 'நாயே' வகையறாவைத் தானியங்கியிடம் விடாதீர்கள். அதில் அன்பும் உண்டு, வன்மமும் உண்டு. இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

"பாதி விலைக்கு யூசி" (பப்ஜி வகை ஆட்டங்களின் உள் நாணயம்), "இலவச நைட்ரோ" (டிஸ்கார்டின் கட்டணச் சந்தா) லிங்க்குகளை மட்டும் முதல் நாளிலிருந்தே தடுத்துவிடலாம். அதில் கருத்துச் சுதந்திரம் எதுவும் இல்லை, வெறும் திருட்டு. யாராவது பணத்தை இழந்திருந்தால் உடனே இந்தியாவின் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடச் சொல்லுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிக்கொண்டே போய்விடும்.

வாய்ஸ் சேனல் ஆட்டோமாடின் காதில் விழாது. யாராவது புகார் சொன்னால் அந்த லாபியில் இருந்த இன்னும் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் பழக்கத்தை வளர்க்காதீர்கள், அது சண்டையைவிடப் பெரிய விஷம்.

படி 6: மாட்களைத் தேர்ந்தெடுப்பது

நன்றாக ஆடுபவரை மாட் ஆக்காதீர்கள். நானே மாட் ஆகிறேன் என்று முந்துபவரையும் கொஞ்சம் காக்க வையுங்கள். சண்டை நடக்கும்போது "சரி விடுங்கப்பா, அடுத்த மேட்ச் போலாம்" என்று யார் சொல்கிறார் என்று பாருங்கள், அவரைக் கேளுங்கள். சென்னையில் எல்லோரும் தூங்கும்போது கனடாவில் சாயங்காலம், அதனால் மாட்களின் ஊரும் கலந்திருக்கட்டும்.

ஒரு விதியை மட்டும் கல்லில் செதுக்குங்கள்: தன்னைத் திட்டியவர் மேல் ஒரு மாட் தானே நடவடிக்கை எடுக்கக் கூடாது, இன்னொரு மாட்தான் எடுக்க வேண்டும். யார் எதை அழித்தார் என்பதைக் காட்டும் டிஸ்கார்டின் தணிக்கைப் பதிவு 45 நாள்தான் நிற்கும். ஆகவே பேன், டைம் அவுட் ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் ஸ்கிரீன்ஷாட்டையும் ஒரு மாட் சேனலில் போட்டு வையுங்கள்.

படி 7: தண்டனை

ரையட் நிறுவனத்தில் இதை ஆராய்ந்த ஜெஃப்ரி லின் குழு கண்டுபிடித்தது இது: தொடர்ந்து மோசமாக நடப்பவர்கள் ஆட்டக்காரர்களில் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் மொத்த மோசமான நடத்தையில் அவர்களால் வந்தது சுமார் 5 சதவீதம் மட்டுமே. மீதியில் பெரும்பகுதி, அன்றைக்கு ஏதோ நாள் சரியில்லாத சாதாரண ஆட்களிடமிருந்து வந்தது. அப்படியென்றால் 'கெட்டவர்களை'யெல்லாம் தேடிப் பிடித்து பேன் செய்து முடித்தாலும் பிரச்சினையின் பெரும்பகுதி அங்கேயே இருக்கும். சாதாரண ஆளைச் சூடு தணிய வைப்பதுதான் மாட்டின் அன்றாட வேலை.

அதற்கு ஏற்ற ஆயுதம் டைம் அவுட். 60 விநாடியிலிருந்து 1 வாரம் வரை தேர்வு செய்யலாம். அவர் படிக்கலாம், எழுத முடியாது. முதல் முறை 10 நிமிடமோ 1 மணி நேரமோ, மறுபடியும் செய்தால் 1 நாள், அப்புறம் 1 வாரம், அதற்கும் மேல்தான் பேன். கொலை மிரட்டல், ஒருவரின் முகவரியையோ படத்தையோ வெளியிடுவது, சிறுவர்களிடம் பாலியல் பேச்சு, இந்த மூன்றுக்கும் ஏணி கிடையாது, நேராக வெளியே. மூன்றாவது நடந்தால் பேன் செய்ததோடு நிறுத்தாமல் டிஸ்கார்டுக்கும் புகார் கொடுங்கள். இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098.

ஒவ்வொரு முறையும் காரணத்தைச் சொல்லுங்கள். சொல்லும் விதம் முக்கியம். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ப்ரோ, நேத்து ராத்திரி 11:40க்கு போட்ட இந்த மெசேஜ்ல அவரோட அம்மாவை இழுத்திருக்கீங்க. ரெண்டாவது விதி. ஒரு மணி நேரம் டைம் அவுட். ஸ்மோக் பத்தி நீங்க சொன்ன மெசேஜ் எல்லாம் அப்படியே இருக்கு, அதுல கை வைக்கல. தப்பா முடிவெடுத்துட்டோம்னு தோணினா முறையீடு சேனல்ல எழுதுங்க."

மெசேஜை அப்படியே எடுத்துக் காட்டியிருக்கிறது, விதியைச் சொல்லியிருக்கிறது, அவர் கருத்து அழிக்கப்படவில்லை என்று சொல்லியிருக்கிறது. கடைசி விஷயம்தான் ஆளை மாற்றுகிறது. "என் வாயை மூடிட்டாங்க" என்று சொல்ல அவருக்கு இடமில்லை.

படி 8: முறையீடு

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2011ல் 'டிரிபியூனல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. புகார்களை ஆட்டக்காரர்களே படித்து, தண்டிக்கலாமா விடலாமா என்று வாக்களிப்பார்கள். 2014ல் அது மூடப்பட்டது. 'கவுன்டர்-ஸ்ட்ரைக்'கில் வால்வ் நிறுவனம் 2013ல் 'ஓவர்வாட்ச்' முறையைக் கொண்டுவந்தபோது, ஏமாற்றியதாகப் புகார் வந்தவரின் ஆட்டத்தை அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். பார்ப்பவருக்குப் பெயர் தெரியாது, 'சந்தேகத்துக்குரியவர்' என்று மட்டும்தான் இருக்கும்.

வாக்கெடுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். சின்னக் குழுவில் அது செல்வாக்குப் போட்டியாகிவிடும், நண்பர் அதிகம் உள்ளவர் தப்பித்துக்கொள்வார். பெயரை மறைக்கும் யோசனையைத் தாராளமாகத் திருடலாம். முறையீடு வந்தால், சம்பந்தமில்லாத ஒரு மாட்டுக்குப் பெயரை வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புகிறோம். முதல் மாதமே எங்கள் பழைய முடிவுகள் சில தலைகீழாயின. வெட்கமாகத்தான் இருந்தது. தலைகீழான முடிவைப் பொது சேனலில் அறிவித்தோம், "மாட் தப்பு பண்ணிட்டாரு, மன்னிக்கவும்" என்று. அன்றைக்கு விழுந்த ஹார்ட் எமோஜிகள் எந்த டோர்னமென்ட் அறிவிப்புக்கும் விழுந்ததில்லை.

படி 9: ஊரே பற்றி எரியும் நாளுக்கு

2022 ஜூலை 28 அன்று பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) இந்தியாவில் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. அதற்கு முன் பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர், 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் என்று ஏற்கெனவே அடிபட்டிருந்த கூட்டம். அன்று மாலை எங்கள் சர்வர் கொதித்தது. அரசைத் திட்டினார்கள், ஸ்டோரைத் திட்டினார்கள், "எனக்கு உள்ளேயிருந்து தகவல் வந்துச்சு" என்று வதந்தி கிளப்பினார்கள், எங்கேயோ கிடைத்த ஏபிகே (ஸ்டோருக்கு வெளியே செயலியை நிறுவும் கோப்பு) லிங்க்குகளைக் கொட்டினார்கள்.

அப்படிப்பட்ட நாளில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். எல்லாப் பேச்சும் போக ஒரே ஒரு த்ரெட் (தனி உரையாடல் இழை) திறந்து மேலே பின் செய்யுங்கள். உறுதியாகத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று முதல் மெசேஜில் எழுதி, செய்தி வரவர மாற்றுங்கள். பொது சேனலுக்கு ஸ்லோ மோடு போடுங்கள், ஆனால் "ராத்திரி 12 மணிக்கு எடுத்துவிடுவோம்" என்று நேரம் சொல்லிப் போடுங்கள். முடிவு நேரம் சொல்லாத கட்டுப்பாட்டைத்தான் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். ஏபிகே லிங்க்குகளை நீக்கினோம், வதந்திகளை நீக்காமல் "ஆதாரம் எங்கே ப்ரோ?" என்று கீழே கேட்டோம். பெரும்பாலானவர்கள் தாங்களாகவே அழித்துக்கொண்டார்கள். திட்டுகளில் கை வைக்கவில்லை.

மறுநாள் கூட்டம் குறைந்தது, ஆனால் த்ரெட் சாகவில்லை. யாராவது ஒருவர் வந்து "இன்னும் வரலயா?" என்று கேட்பார், இன்னொருவர் ஒரு மீம் போடுவார். 2023 மே மாதம் விளையாட்டு திரும்பி வந்த அன்று, பத்து மாதமாகப் பேசாமல் இருந்த இரண்டு பேர் அதே த்ரெட்டில் வந்து ஸ்க்வாட்டுக்கு ஆள் கேட்டார்கள்.